அம்மாவின் விரதமும் ஒரு மஞ்சள் கலனும்

சலரோகம் என்கிற சீனி வருத்தத்தால் ஒரு காலை இழந்த பெண்ணின் மகள் நான். இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். ஏனென்றால், நாற்பத்து மூன்று வயதில், அலுவலக வேலையும் வீடும் வெங்காயத் தோட்டமும் இருக்கிற ஒரு பெண் எதற்காகக் கடலில் நீந்தி, சைக்கிள் ஓடி, அது முடிய ஓட்டமும் ஓடுகிற போட்டிக்குப் போகப் பார்க்கிறாள் என்று எங்கள் ஊர் உடுவிலில் பாதிப்பேர் கேட்டுவிட்டார்கள். மீதிப்பேர் கேட்காமலே சிரித்துவிட்டார்கள்.

எங்கள் கோயில் மலருக்கு அனுபவம் ஒன்றை எழுதித் தரச் சொன்னார்கள். எனக்கு அலங்காரமாக எழுத வராது. எழுதுவினைஞர் வேலையில் கடிதம் எழுதிப் பழகிய கை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். முருகன் எனக்கு என்ன செய்தான் என்பதை அடியார்கள் நீங்களே விளங்கிக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு விரதம் என்றால் உயிர். வெள்ளி, சதுர்த்தி, சஷ்டி என்று ஒன்றையும் விடமாட்டார். விரத நாளில் சலரோக மாத்திரையையும் தொடமாட்டார். "விரதத்திலை வாயிலை ஒண்டும் படக்கூடாது பிள்ளை" என்பார். நாங்களும் சொல்லிச் சொல்லிக் களைத்துப் போனோம். முதலில் ஒரு விரலில் சின்னப் புண் வந்தது. அது ஆறவில்லை. பிறகு பாதம், பிறகு முழங்காலுக்குக் கீழே முழுவதும் போய்விட்டது. இரண்டு வருடம் கட்டிலில் கிடந்து போய்ச் சேர்ந்தார். அவரைக் கழுவித் துடைத்தது நான். அந்த மொட்டைக் காலை என் கை இன்னும் மறக்கவில்லை.

அம்மாவின் முதலாவது திவசம் முடிந்த கையோடு எனக்கும் பரிசோதித்தார்கள். எனக்கும் அதே வருத்தம். அன்று கிளினிக்கில் இருந்து வீட்டுக்கு வரும் வழி முழுவதும் என் இரண்டு காலையும் பார்த்துப் பார்த்து வந்தேன்.

டொக்டர் நடக்கச் சொன்னார். பயத்தில் நடந்தேன். அந்தப் பயமே என்னை ஓடவும் வைத்தது. என்னோடு ஓட வருகிற உடற்கல்வி ஆசிரியை ஒருவர், ஆவணி மாதம் கிழக்குக் கரையில் மூன்றும் சேர்ந்த போட்டி ஒன்று நடக்கிறது, வாருங்கள் பழகுவோம் என்றார். முப்பத்தொன்பது வயதில், கீரிமலைக் கேணியில் பெண்கள் பக்கத்தில், சின்னப் பிள்ளைகள் சுற்றிநின்று சிரிக்கச் சிரிக்க நீச்சல் பழகினேன். தண்ணீர் குடித்தே அரைவாசிக் கேணியை வற்றவைத்திருப்பேன்.

மூன்று வருடம் அப்படிப் பழகிய பிறகு, போன வருடம் அட்டவணை வந்தது. இருபது கிழமைக்கான பயிற்சியைக் கட்டம் கட்டமாகப் போட்ட ஒரு தாள். அதைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினேன். திங்கள் ஓய்வு. செவ்வாய் விடிய மருதனார்மடம் வரை ஓடித் திரும்புவது. புதன் அலுவலகம் விட்டு வந்து சைக்கிள். வியாழன் கேணி. வெள்ளி கோயிலுக்குப் போய் வந்து சின்ன ஓட்டம். சனிக்கிழமை பெரிய சைக்கிள், சுன்னாகம், புத்தூர் வழியாகக் கொடிகாமம் வரை போய் வருவது. ஞாயிறு சேந்தாங்குளத்தில் கடல். ஒவ்வொன்றும் முடிய அந்தந்தக் கட்டத்தைப் பென்சிலால் கறுப்பாக்குவேன். வெறுமையாகக் கிடக்கிற கட்டத்தைக் கண்டால் எனக்கு அம்மாவின் கால்தான் ஞாபகம் வரும்.

போட்டிக்குப் பழகுகிறவர்களின் முகத்தில் ஒரு வெளிச்சம் இருப்பதைப் படங்களில் பார்த்திருக்கிறேன். என் முகத்தில் நித்திரைதான் இருந்தது. விடிய எழும்பும்போதே களைப்பு. அலுவலகத்தில் கோப்பைத் திறந்தால் எழுத்து அசையும். வெங்காயம் கிண்டுகிற நாட்களில் தோட்டத்துக்குச் சோறு கொண்டுபோனால் வரம்பிலேயே படுத்துவிடலாம் போல இருக்கும். என் கணவர் ஒரு நாள், "இஞ்சேரப்பா, ஒரு கிழமை விட்டால் என்ன, கடல் வத்திப் போயிடுமோ?" என்று பகிடியாகக் கேட்டார். நான் அவரோடு இரண்டு நாள் கதைக்கவில்லை.

அவரிடம் சொல்லாத ஒன்று இருந்தது. சனிக்கிழமைகளில் கொடிகாமம் சந்தையடிக்குப் போய்ச் சேரும்போது எனக்குத் தலை சுற்றத் தொடங்கியிருந்தது. கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும். பலாப்பழம் விற்கிற அம்மா ஒருவர் எனக்கு இருக்க ஒரு சாக்கை விரித்துவிடுவார். ஒரு வாழைப்பழம் சாப்பிட்டால் சரியாகிவிடும். சித்திரை வெய்யில் என்று நினைத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், அப்படி நினைக்க விரும்பினேன். வீட்டில் சொன்னால் அட்டவணையைக் கிழித்துவிடுவார்கள் என்ற பயம். முருகனிடம் மட்டும் சொன்னேன். ஒவ்வொரு வெள்ளியும் கோயிலில் நின்று, "முருகா, இந்தக் களைப்பை எடுத்துவிடு. வேறொன்றும் வேண்டாம்" என்று கண்ணீர்விட்டுக் கேட்டேன். களைப்பு கூடியதே தவிரக் குறையவில்லை. ஒரு கட்டத்தில், இவனுக்கு என் குரல் கேட்கவில்லைப் போல என்று மனம் விட்டுப்போனது.

போன வருடம் சித்திரா பௌர்ணமி வந்தது. தாயை இழந்தவர்கள் தாய்க்காக விரதம் இருக்கிற நாள். மத்தியானம் சமைத்துப் படைத்து, காகத்துக்கு வைத்த பிறகுதான் வாயில் ஏதும் வைப்போம். அன்று பௌர்ணமிக்கான போயா விடுமுறை, திங்கட்கிழமை, என் அட்டவணையில் ஓய்வு நாள். ஆனால் முதல் நாள் ஞாயிறு தெரிந்தவர் வீட்டில் செத்தவீடு. கடலுக்குப் போக முடியவில்லை. ஞாயிற்றுக் கட்டம் வெறுமையாகக் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது ஒரு யோசனை வந்தது. அம்மாவின் நாளில் கடலில் தீர்த்தமாடுவது நல்லதுதானே. தீர்த்தமும் ஆகும், பயிற்சியும் ஆகும்.

புறப்படுமுன் காலை மாத்திரையைப் போட்டேன். அம்மா விட்ட பிழையை நான் விடமாட்டேன், விரதமென்றாலும் மாத்திரையைத் தவறவிடமாட்டேன் என்று எனக்குள் ஒரு பெருமை. சாப்பாட்டோடு போட வேண்டிய மாத்திரை அது. வெறும் வயிற்றில் போட்டு, முந்தின இரவும் செத்தவீட்டால் வந்த அலுப்பில் சாப்பிடாமல் படுத்து, அப்படியே கடலுக்குப் போனேன். அம்மா ஒரு பக்கத்தால் பிழைவிட்டார். நான் மற்றப் பக்கத்தால் விட்டேன்.

இடுப்பில் ஒரு வெறும் மஞ்சள் எண்ணெய்க் கலன் கட்டியிருந்தேன். நீந்தும்போது பின்னால் மிதந்து வரும், களைத்தால் பிடித்துக்கொள்ளலாம். என் கணவர் தோட்டத்துக் கயிற்றால் கட்டித் தந்தது. வெளிநாட்டில் இதற்கென்றே அழகான மிதவைகள் விற்கிறார்கள். எனக்கு அந்தக் கலனைக் கட்டிக்கொண்டு இறங்க வெட்கம்தான். "இது இல்லாமல் கடலுக்கை கால் வைக்கக்கூடாது" என்று அவர் சத்தியம் வாங்கியிருந்தார்.

ஞாயிறென்றால் ஆசிரியை கூட வருவார். அன்று நான் தனியே. விடியவே மீன்பிடித் தொழிலுக்குப் போன வள்ளங்கள் எல்லாம் கரைக்கு வந்துவிட்டன. கடல் தகடாகக் கிடந்தது. கரையோரம் கல் என்பதால் கொஞ்சம் வெளியே போய், கரையைப் பக்கவாட்டில் பார்த்தபடி நீந்துவது வழக்கம். போகும்போது ஒரு குறையும் இல்லை. திரும்பினேன். கொஞ்ச நேரத்தில் கை சொன்னபடி கேட்கவில்லை. நெஞ்சு படபடவென்று அடித்தது. தலையை நிமிர்த்திப் பார்த்தால் கரை எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. கரை கண்ணுக்கு முன்னாலேயே இருந்திருக்கிறது. எனக்குத்தான் அது கரை என்று விளங்கவில்லை. கலனைப் பிடித்தேன், விரல் வழுக்கியது. மீண்டும் பிடித்தேன். உப்புத் தண்ணீர் மூக்கால் போனது.

தேவாரம், திருப்புகழ் எல்லாம் பாடமாக்கியவள் நான். ஒரு வரியும் வரவில்லை. "முருகா, ஆரையாவது அனுப்பு" என்று மட்டும் கத்தினேன். கத்தினேனா, நினைத்தேனா தெரியாது. களைப்பை எடு என்று கேட்கவில்லை, போட்டியை முடிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. ஒரு மனிதர் வந்தால் போதும் என்றிருந்தது.

எஞ்சின் சத்தம் கேட்டது. ஒரு சின்ன வள்ளம் நேரே என்னை நோக்கி வந்தது. அதில் இருந்தவர் சூசை அண்ணை, அந்தக் கரையில் தொழில் செய்கிறவர், அறுபது வயதிருக்கும். அதற்கு முன் அவரை எனக்குத் தெரியாது. கையைப் பிடித்து இழுத்து, மீன்செதில் ஒட்டிய பலகையில் என்னைப் போட்டார்.

"ஆண்டவரே! தங்கச்சி, என்ன செய்யுது உங்களுக்கு? என்ரை வலையிலை மிதக்கக் கட்டின கலன் ஒண்டு அறுந்து போச்செண்டு தேடி வந்தனான். தூரத்திலை மஞ்சளாத் தெரிஞ்சுது. அதுதானாக்குமெண்டு வந்தால், நீங்கள்!"

எனக்குப் பல்லோடு பல் அடித்தது. அவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"சீனி வருத்தம் இருக்கோ?"

"ஓம்."

"என்ரை மனுசிக்கும் இப்பிடித்தான் வாறது. காலமை சாப்பிட்டனீங்களோ?"

"இல்லை அண்ணை. விரதம். அம்மாக்கு."

அவர் ஒரு போத்தலைத் திறந்து நீட்டினார். "தேத்தண்ணி. சீனி நல்லாப் போட்டது. குடியுங்கோ."

நான் தலையை ஆட்டினேன். "வேண்டாம் அண்ணை. மத்தியானம் படைச்ச பிறகுதான்."

இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஆரையாவது அனுப்பு என்று கேட்டேன். அவன் அனுப்பினான். வந்தவர் தந்ததை வேண்டாம் என்றேன். உயிர் போகிற நேரத்திலும் எனக்கு விரதத்தின் கணக்குத்தான் பெரிதாக இருந்தது.

சூசை அண்ணைக்குக் கோபம் வந்துவிட்டது. "தங்கச்சி, உங்கடை அம்மா இப்ப இந்த வள்ளத்திலை இருந்தா, இதைக் குடிக்காதை எண்டு சொல்லுவாவோ? சொல்லுங்கோ பாப்பம்!"

வாங்கிக் குடித்தேன். நாலு வருடமாகச் சீனி தொடாத வாய். போத்தல் முடியும்வரை குடித்தேன். கொஞ்சம் கொஞ்சமாகக் கரை கரையாகத் தெரிந்தது. அப்போதுதான் அழுகை வந்தது. சூசை அண்ணை மற்றப் பக்கம் திரும்பி எஞ்சினைப் பார்ப்பதுபோல இருந்தார். அவருடைய கலன் அன்று கிடைக்கவில்லை. என்னுடையதை அவிழ்த்துக் கொடுத்தேன். சிரித்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தபோது என் கணவர் வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். மோட்டரை நிறுத்தச் சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். கொடிகாமத்துத் தலைச்சுற்று, வெறும் வயிற்று மாத்திரை, கடல், எல்லாம். கோயிலில் அழுததையும் சொன்னேன். அவர் வரம்பில் இருந்துவிட்டார்.

"முருகனுக்குச் சொன்னதை எனக்கும் ஒருக்காச் சொல்லியிருக்கலாமே. நான் பக்கத்திலைதானே இருந்தனான்" என்றார்.

அவர் ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். இதைத் தாங்க முடியவில்லை. அன்று விழுந்து படுத்தவள் பின்னேரம்தான் எழும்பினேன். அவர் கோயிலுக்குப் போய்ச் சித்திரைக்கஞ்சி வாங்கி வந்து வைத்திருந்தார். அம்மாவுக்கு அன்று படையல் இல்லை. அது பல மாதம் என் மனதை அரித்தது.

கிளினிக்கில் டொக்டர் மாத்திரையை மாற்றினார். "இனி விரதம் பிடிக்கிறதெண்டா முதல் என்னட்டைக் கேளுங்கோ. கடலுக்குப் போறதெண்டாலும் பையிலை இனிப்பு இருக்கவேணும்" என்றார். போன வருடப் போட்டிக்கு நான் போகவில்லை. இந்த வருட அட்டவணையில் ஆறு நாள் இல்லை, நாலு நாள்தான். பென்சில் என் கணவரிடம் இருக்கிறது. என் முகத்தைப் பார்த்துவிட்டு, சில கட்டங்களுக்கு அவரே குறுக்கே கோடு போட்டுவிடுகிறார். கடலுக்கு ஆசிரியை வராமல் நான் இறங்குவதில்லை. ஆவணிக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். போட்டியை முடிப்பேனோ தெரியாது. களைப்பு இன்னும் இருக்கிறது. ஆனால் அது இப்போது வேலை செய்தவளின் களைப்பு. படுத்தால் நித்திரை வருகிறது.

முருகன் என் குரலைக் கேட்கவில்லை என்று நினைத்த நாட்களை எண்ணி இன்றும் மன்னிப்புக் கேட்கிறேன். அவன் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். நான்தான் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. உங்களில் களைத்துப்போனவர்கள் இருப்பீர்கள். வெளியில் சொல்லாமல் வருத்தத்தைச் சுமக்கிறவர்கள் இருப்பீர்கள். அவனிடம் கேளுங்கள், நம்பிக் கேளுங்கள். உதவி எந்த வள்ளத்தில், எந்த ஊராரின் கையால் வந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் இருப்பவர்களிடமும் சொல்லுங்கள்.

இந்த வருடமும் சித்திரா பௌர்ணமி வந்தது. விடிய எழும்பி, தலை தோய்ந்து, இடியப்பமும் சொதியும் சாப்பிட்டேன். மாத்திரையைப் போட்டேன். அதற்குப் பிறகுதான் அம்மாவுக்காக உலை வைத்தேன். படைக்குமுன் சாப்பிட்டது எங்கள் வீட்டில் அதுதான் முதல் தடவை. பயமாகத்தான் இருந்தது. மத்தியானம் அம்மாவின் படத்துக்கு முன்னால் இலை போட்டு, சோறும் கறியும் பரிமாறி, கற்பூரம் காட்டினேன். மனம் கேட்காமல் வாய்விட்டே சொன்னேன்.

"அம்மா, நான் சாப்பிட்டிட்டன். இனி நீங்கள் சாப்பிடுங்கோ."

சொன்ன பிறகுதான் நினைவு வந்தது. அம்மா உயிரோடு இருந்த காலம் முழுவதும், "நீ சாப்பிட்டிட்டியோ பிள்ளை?" என்று என்னைக் கேட்டு, ஓம் என்ற பிறகுதான் தனக்குச் சோறு போடுவார்.