மார்ச் மாதத்து மூன்று ஆட்டங்கள்

நியூ ஜெர்சியில் ஒரு சின்னக் கல்லூரியின் பேஸ்பால் அணிக்கு ஆட்ட அட்டவணை போடும் வேலையில் சேர்ந்தபோது எனக்கு அந்த விளையாட்டே சரியாகத் தெரியாது. இலையுதிர் காலத்தில் ஆடுவது பயிற்சிக்கு, வசந்தத்தில் ஆடுவதுதான் கணக்கில் சேரும் என்பது மட்டும் தெரியும். மார்ச் முதல் வாரத்தில் மூன்று ஆட்டங்களை எங்கள் மைதானத்திலேயே வைத்துவிட்டேன்.

பயிற்சியாளர் சிரித்துவிட்டார். அப்போது இங்கே மைதானம் தெரியாது, பனிதான் தெரியும் என்றார்.

வெட்கமாகிவிட்டது. உடனே டெக்சாஸில் ஒரு கல்லூரிக்கு ஃபோன் செய்தேன். அங்கே இதே வேலையில் இருந்த பெண், நான் இரண்டு வாக்கியம் பேசியதுமே, "நீங்க தமிழா?" என்றார்.

"ஆமாங்க. மார்ச்ல மூணு கேம் உங்க கிரவுண்ட்ல அட்ஜஸ்ட் பண்ண முடியுமா?"

"தாராளமா வாங்க. ஆனா அடுத்த ஃபால்ல, இலை உதிர்ற சீசன்ல, நாங்க அங்க வருவோம். கோச்கிட்ட பிராக்டிஸ்னு சொல்லிக்கறேன். எனக்கு அந்தக் கலர் இலையெல்லாம் பாக்கணும்."

மார்ச்சில் எங்கள் பையன்கள் டெக்சாஸ் வெயிலில் ஆடி இரண்டு ஆட்டம் ஜெயித்தார்கள். அக்டோபரில் அவர் தன் அணியோடு வந்து இறங்கினார். ஆட்டம் நடந்துகொண்டிருக்க, வேலிக்கு அப்பால் சிவந்து நின்ற மேப்பிள் மரங்களைப் பார்த்தபடி நாங்கள் புளியோதரை சாப்பிட்டோம். யார் ஜெயித்தார்கள் என்பதைப் பயிற்சியாளரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.