ஆறு துளை பிளக்

லாரிப் பட்டறை நடத்திய அந்தப் பெண்ணை எல்லோரும் ‘டீசல் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். இன்ஜின் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுகிற காது அவளுக்கு. ஆனால் கொழுந்தன் ஓட்டிய அவளுடைய பழைய லாரி மட்டும் பிடி கொடுக்கவில்லை. மேடு ஏறினால் திணறியது.

கம்பெனி சர்வீஸில் லேப்டாப்பை மாட்டிப் பார்த்துவிட்டு, “இன்ஜினை ஓட்டுற கம்ப்யூட்டர் பெட்டியே போச்சு, மாத்தணும்” என்றார் மேலாளர்.

“லேப்டாப்புல என்ன காட்டுச்சு?”

“அதெல்லாம் வெளியாளுக்குச் சொல்ல மாட்டோம்.”

அவளுக்குச் சுருக்கென்றது. என் வண்டிக்கு என்ன நோய் என்று எனக்கே சொல்ல மாட்டார்களாமே! கோளாறு கண்டுபிடிக்கும் கருவி ஒன்றைச் சொந்தமாகவே வாங்குவதென்று முடிவெடுத்தாள்.

முதல் விற்பனையாளர் பட்டறைக்கே வந்தார். “எல்லா லாரிக்கும் வேலை செய்யும்கா.”

“அப்ப இதுல மாட்டிக் காட்டுங்க.”

கருவியை மாட்ட லாரியில் இருந்தது ஆறு துளை வட்டப் பிளக். அவர் கொண்டுவந்த வயரோ ஒன்பது துளைக்கானது. இரண்டு முறை அழுத்திப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “இந்த லாரியை வித்துட்டுப் புதுசு எடுங்க. வேணும்னா வீட்டு ஆம்பளைங்களைப் பேசச் சொல்லுங்க.”

“பேச நானே போதும். ‘எல்லா லாரிக்கும்’னு விளம்பரம் போட்டீங்களே, முதல்ல அதை அழிங்க!”

“விடுங்க அண்ணி” என்றான் கொழுந்தன்.

“எதை விடச் சொல்றே?”

அடுத்து வரவழைத்த கருவி பிளக்கில் பொருந்தியது. ஆனால் கோளாறுக்கு ஒரு குறியீட்டைக் காட்டியதோடு சரி, எந்த இடத்தில் என்று சொல்லவில்லை. திருப்பி அனுப்பினாள். மூன்றாவதாக ஒரு கடைக்குப் போன் செய்து, “சிலிண்டரை ஒவ்வொண்ணா நிறுத்திப் பார்க்க முடியுமா?” என்று நேராகவே கேட்டாள்.

“முடியும்மா. ஆனா அந்த புரோகிராம் புது லேப்டாப்புல ஓடாது. பழசா ஒண்ணு தேடிக்கோங்க” என்றாள் கடைக்காரி. முடியாததையும் சேர்த்துச் சொன்னது அவள் ஒருத்திதான். அவளிடமே வாங்கினாள்.

மகள் ஒதுக்கிப் போட்டிருந்த லேப்டாப்பில் சோதனை நடந்தது. நான்காவது சிலிண்டரை நிறுத்தியபோது மட்டும் இன்ஜின் சத்தம் மாறவே இல்லை; அது ஏற்கெனவே வேலை செய்யாமல் கிடந்திருக்கிறது. திறந்து பார்த்தால், அதற்கு டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்குப் போகிற வயர் உரசி உரசி அறுந்து கிடந்தது. கம்ப்யூட்டர் பெட்டிக்கு ஒன்றுமே ஆகவில்லை.

வயரை மாற்றிய கையோடு, சோதனை அறிக்கையை அச்செடுத்துக்கொண்டு சர்வீஸுக்குப் போனாள். மேலாளர் தாளைத் தொடக்கூட இல்லை. “வெளி மெஷினை நாங்க ஏத்துக்க மாட்டோம்.”

“ஏத்துக்க வேணாம். அடுத்தவங்ககிட்ட இதே பொய்யைச் சொல்லாதீங்க.” வாசலில் காத்திருந்த ஓட்டுநர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களில் இருவர் பட்டறைக்கு வழி கேட்டுக்கொண்டார்கள்.

திரும்பும் வழியில் லாரி நன்றாகவே இழுத்தது. அவளுக்குத்தான் ஆறவில்லை.

“ஒரு வார்த்தை, ‘தப்பாச் சொல்லிட்டோம்’னு வந்துச்சா பாரு!” என்றாள் கொழுந்தனிடம்.