கிராமண்ட் தீவுக்கு இரண்டரை மணி

ரோனா கில்கிறிஸ்ட் எடின்பரோவில் இருபத்தாறு வருடம் நகரப் பேருந்து ஓட்டியவள். ஓய்வு பெற்றதும் வீட்டில் அடங்கிக் கிடப்பாள் என்று நினைத்தவர்களுக்கு அவளைத் தெரியாது. பழைய வேன் ஒன்றை வாங்கி, சனிக்கிழமைதோறும் பன்னிரண்டு பேரை ஊர் சுற்றிக் காட்டக் கிளம்பிவிட்டாள். காலையில் கோட்டை, பிறகு லீத் துறைமுகம், மத்தியானம் கிராமண்ட் கரையிலிருந்து தீவுக்கு நடை. கடல் இறங்கும்போது தீவுக்கு ஒரு பாதை வெளியே வரும், ஏறும்போது மூழ்கிவிடும். அந்தப் பாதை தொடங்கும் இடத்தில்தான் என் தேநீர்க் கடை.

எத்தனை மணிக்குள் போய்த் திரும்ப வேண்டும் என்று கரையில் பலகை இருக்கிறது. உள்ளூர்க்காரர் யாரும் அதைப் படிப்பதில்லை. படித்தால் மானம் போய்விடுமாம்! ரோனா வருடா வருடம் ஒரே கடையில் வாங்கும் கடல் ஏற்ற இறக்கக் கையேட்டைத்தான் நம்புவாள். அதில் குளிர்கால நேரம்தான் அச்சாகியிருக்கும். கோடையில் நாங்கள் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வைப்பதால், கையேட்டு நேரத்தோடு ஒரு மணி சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த வருடம் அந்தக் கடை மூடிவிட்டது. ரோனா வேறு கடையில் வேறு கையேடு வாங்கினாள். அதில் அந்த ஒரு மணியை அவர்களே சேர்த்து அச்சடித்திருந்தார்கள். இவள் பழக்க தோஷத்தில் இன்னொரு மணியும் சேர்த்தாள். மூன்றரைக்குள் கரையேற வேண்டியவர்கள் நாலு மணிக்குத் தீவிலிருந்து கிளம்பினார்கள். பாதை தண்ணீருக்குள் இருந்தது.

மீட்புப் படகு எல்லோரையும் கொண்டுவந்து சேர்த்தது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. ஆனால் கரையெல்லாம் கூட்டம், ஆளாளுக்குப் படம் பிடித்தார்கள். கடைசியாக இறங்கிய ரோனாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அடுத்த சனிக்கிழமைகளுக்குப் பதிந்திருந்தவர்கள் எல்லாம் பின்வாங்கினார்கள். அன்று மாட்டிக்கொண்டவர்களில் ஒருவர் இன்னஸ், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். இவளை நம்பி யாரும் போகாதீர்கள் என்று பத்திரிகைக்கே எழுதிவிட்டார்.

"கொஞ்ச நாள் கோட்டையை மட்டும் காட்டேன் ரோனா. அதைத் தண்ணி சுத்தாது" என்றேன்.

"போடி ஷீனா. இப்ப விட்டேன்னா இந்த ஜென்மத்துல அந்தப் பாதையில கால் வைக்க மாட்டேன். யாரும் என்கூட வரவும் மாட்டாங்க."

இரண்டு வாரம் கழித்து, ஒரு தூறல் மத்தியானத்தில், ஊரே பார்க்க அந்தப் பலகை முன்னால் நின்று எழுத்து எழுத்தாகப் படித்தாள். மூன்றரை வரை என்றிருந்தது. பிறகு என் கடை வாசல் கரும்பலகையில் எழுதினாள்: 'தீவில் மாட்டிக்கொண்ட ரோனா நான்தான். இன்றும் போகிறேன். தீவிலிருந்து இரண்டரைக்குத் திரும்புவோம்.'

கிளாஸ்கோவிலிருந்து நாலு பேர் வந்தார்கள். வேடிக்கை பார்க்கத்தான், வேறென்ன. ஐந்தாவதாக வந்தவர் இன்னஸ்.

"பேப்பருக்கு எழுதினவரே வந்துட்டாரா?" என்றேன், அவர் காதில் விழும்படியே.

"அன்னிக்கு முழுக்கத் தண்ணியையே பார்த்துட்டு உட்கார்ந்திருந்தேன். தீவைப் பார்க்கலை" என்றார் அவர்.

கடையைப் பூட்டிவிட்டு நானும் கிளம்பினேன். அவளுக்குத் துணை என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயந்தது நான்தான்.

தீவில் மழை விட்டது. இன்னஸ் போர்க்காலப் பீரங்கி மேடைகளைக் கண்டதும் பள்ளிப் பையனாகிவிட்டார். சரியாக இரண்டரைக்கு ரோனா குரல் கொடுத்தாள்: "கிளம்பலாம்."

"மூணரைன்னுதானே போட்டிருக்கு?" என்றான் கிளாஸ்கோக்காரன் ஒருவன்.

"பத்தே நிமிஷம்மா. இந்தச் சுவரை மட்டும் பார்த்துடறேன்" என்று கெஞ்சினார் இன்னஸ்.

இந்த மனுஷரையும் பகைத்துக்கொண்டால் ரோனாவின் தீவு நடை அன்றோடு முடிந்தது. கொடுத்துத் தொலையேன் என்று கண்ணைக் காட்டினேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"பேப்பருக்கு இன்னொரு கடுதாசி வேணும்னாலும் எழுதுங்க சார். ஆனா கரைக்கு வந்து எழுதுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தாள். யார் வருகிறார்கள் என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முணுமுணுத்துக்கொண்டே எல்லோரும் பின்னால் போனோம்.

கரையேறும்போது மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. வந்த பாதை காய்ந்து கிடந்தது. யாருடைய நாயோ அதில் துள்ளி ஓடிக்கொண்டிருந்தது.

"அந்த நாய்க்கு இருக்கற தைரியம்கூட நம்ம வழிகாட்டிக்கு இல்லையே!" என்றான் கிளாஸ்கோக்காரன். எல்லோரும் சிரித்தார்கள். பாவி, நானும் சிரித்துவிட்டேன்.

ரோனாவுக்குக் கோபம் வரவில்லை. "நல்லாச் சிரிங்க. கரையில நின்னுல்ல சிரிக்கிறீங்க, எனக்கு அது போதும்."

சிரிப்பு மெல்ல அடங்கியது. இன்னஸ் ரோனாவிடம் வந்தார்.

"அடுத்த நடைக்கு என் பேரை எழுதிக்குங்கம்மா. அந்தச் சுவர் பாக்கி இருக்கு."