எங்கள் வீட்டு முட்டைகள்

பூச்சிமருந்து கோழிக்கருவின் இதயத்தை என்ன செய்கிறது என்பதுதான் மைசூரில் என் ஆராய்ச்சி. பாதி முட்டைகளில் மருந்து ஏற்றுவேன், மீதியில் வெறும் உப்புநீர். அதற்குச் சுத்தமான முட்டை வேண்டும். எங்கள் வீட்டு முட்டையைவிடச் சுத்தம் ஏது என்று பீற்றிக்கொண்டு, எங்கள் ஊர் ஹனூரிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்தே கொண்டுவந்தேன்.

ஏழாம் நாள் உடைத்துப் பார்த்தால், உப்புநீர் ஏற்றிய கருக்களிலும் இதயம் சிறுத்திருந்தது. என் கைதான் சரியில்லை என்றார் பேராசிரியர். எனக்குச் சுருக்கென்றது. வேறு பண்ணை முட்டைகளை வாங்கி, அதே கையால் செய்து காட்டினேன். இதயங்கள் ஒழுங்காக வளர்ந்திருந்தன.

அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"மக்காச்சோளத்துக்கு மருந்தடிச்சேன் அம்மிணி. கோழியெல்லாம் அங்கதான் மேயுது" என்றார்.

எங்கள் முட்டைகளின் மஞ்சள்கருவைச் சோதித்தேன். அதே மருந்து இருந்தது. அவற்றை ஆய்வுக் கட்டுரையில் சேர்க்காமல் விட்டுவிடலாம் என்றார்கள் ஆய்வகத்தில். நான் விடவில்லை. 'ஒரு விவசாயியின் தோட்டத்து முட்டைகள்' என்று எழுதி, அப்பாவிடம் தயங்கித் தயங்கிப் படித்துக் காட்டினேன்.

"யாரோ ஒருத்தன்னா எவன் நம்புவான்? எம் பேரையே போட்டுரு அம்மிணி."

இத்தனை வருஷம் என் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்தாக நின்ற அந்தப் பெயரை, அன்று முழுசாக எழுதினேன்.