மேலே நின்ற வால்வு

டயரை மாட்டி முடித்ததும் அவள் சக்கரத்தைப் பார்க்க மாட்டாள். சுவரில் முடுக்கியிருக்கும் பழைய சைக்கிள் ஃபோர்க்கில் அதைத் தொங்கவிட்டு, ஒரு விரலால் லேசாகச் சுற்றிவிட்டு, கை கழுவப் போய்விடுவாள். திரும்பி வரும்போது சக்கரம் ஆடி ஓய்ந்திருக்கும். வால்வு இருக்கும் பக்கம் கனம் என்பதால், வால்வு கீழே வந்து நின்றிருக்கும். அதைப் பார்த்து ஒரு தலையசைப்பு. அதன் பிறகுதான் சக்கரம் வண்டிக்குப் போகும். எத்தனையோ வருஷமாக இப்படித்தான்.

தெருவுக்கு அவள் டயரக்கா. கடை புருஷனுடையது. செயின், பிரேக், கியர் எல்லாம் அவன் பார்ப்பான். பந்தய சைக்கிளின் ஒல்லி டயர் வந்தால் மட்டும், "இந்தா, உன் ஆளு வந்துட்டான்" என்று உள்ளே குரல் கொடுப்பான். அந்த டயர்கள் லேசில் ஏறாது. முக்கால் வட்டம் சாதுவாக ஏறும். கடைசி ஒரு சாண் கல்லாக நிற்கும். அவசரக்காரர்கள் அங்கே லீவரைக் கொடுத்து நெம்பி, உள்ளே ட்யூபைக் கடித்து ஓட்டையாக்கி எடுத்து வருவார்கள். அவள் லீவரைத் தொடுவதில்லை. டயரை வெயிலில் போட்டு இளக்குவாள். ட்யூபுக்கு ஒரு மூச்சுக் காற்று. வால்வுக்கு எதிர்ப்பக்கம் தொடங்கி, டயரின் ஓரத்தை ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் அழுத்தி அழுத்தி, கிடைத்த தளர்ச்சியை இரண்டு கைகளாலும் வால்வுப் பக்கம் திரட்டிக்கொண்டு வருவாள். கடைசிச் சாணைக் கட்டைவிரல்கள் உருட்டித் தள்ளும். "ஏறுடா, எங்க போயிடப் போற" என்று முனகுவது அப்போது மட்டும் கேட்கும். மற்ற நேரங்களில் அவள் கடையில் இருப்பதே தெரியாது.

"பொண்ணு பாக்க வந்தப்ப முகத்தத்தான் காட்டுனாங்க. இந்தக் கட்டைவிரலக் காட்டியிருந்தா அப்பவே ஓடியிருப்பேன்" என்பான் புருஷன்.

"இப்ப ஓடுங்களேன். பஞ்சரானா இங்கதான வரணும்."

மாடியில் கொழுந்தன். பகலில் அலுவலகம், விடியலில் மலைப்பாதை. அவனுடைய டயர்களை அவள்தான் மாட்ட வேண்டும். "அண்ணி மாட்டுன டயர் எங்கம்மா மோதிரம் மாதிரி. சோப்பு போட்டாலும் கழலாது" என்று கூட்டாளிகளிடம் பீற்றிக்கொள்வான். மலையிறக்கப் பந்தயத்துக்கு அவனைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அடுத்த வருஷம் வயது வரம்பைத் தாண்டிவிடுவான். இது ஒன்றுதான் வாய்ப்பு.

பந்தயத்துக்கு முந்தைய மாலை, அவன் முன்சக்கரத்துக்குப் புது டயர் மாட்ட உட்கார்ந்தாள். கடைசிச் சாணுக்கு வந்து கட்டைவிரல்களை வைத்தாள். இன்னும் தள்ளவில்லை. டயர் தானாகப் போய் உட்கார்ந்தது, எதிர்ப்பக்கத்திலிருந்து யாரோ கை கொடுத்தாற்போல. நிமிர்ந்து பார்த்தாள். எதிரே சுவர்தான் இருந்தது.

சக்கரத்தை ஃபோர்க்கில் மாட்டிச் சுற்றிவிட்டு, கை கழுவிவிட்டு வந்தாள். வால்வு உச்சியில் நின்றது.

விரலால் அதைக் கீழே தள்ளிவிட்டு விரலை எடுத்தாள். அது மெல்ல, எங்கும் தயங்காமல் ஏறி, மறுபடி உச்சிக்குப் போய் நின்றது. டயரைக் கழற்றினாள். வெறும் ரிம் விட்ட இடத்தில் அப்படியே நின்றது. மறுபடி மாட்டினாள். மறுபடி தானாக ஏறியது, மறுபடி உச்சி. பெட்டியிலிருந்து மாற்று டயரை எடுத்துப் போட்டாள். அதுவும் அப்படியே.

"வால்வுக்கு எதிர்ல ரிம்மு ஜாயின்ட்டு கனமா இருக்கும். ஒரு சக்கரத்த இவ்வளவு நேரமா பாத்துக்கிட்டிருந்தா அதுவும் உன்னத் திருப்பிப் பாக்கத்தான் செய்யும்" என்றான் புருஷன்.

"வெறும் ரிம்மு அப்படி நிக்கலையே" என்றாள். அவன் அதற்குள் கல்லாவைப் பூட்டிக்கொண்டிருந்தான்.

கொழுந்தன் வந்து பார்த்துச் சிரித்தான். "சக்கரம் தலைகீழா நின்னா என்ன அண்ணி, நான் நேரா உக்காந்துக்கறேன்."

"நாளைக்குப் போகாத தம்பி."

"ஏன்?"

அவள் வால்வையே பார்த்தாள். அவன் சிரித்துக்கொண்டே மாடியேறினான்.

விடியலில் அவன் ஹெல்மெட்டோடு இறங்கி வந்தபோது கடை திறந்திருந்தது. வண்டியில் மாட்டியிருந்த பின்டயர், ஃபோர்க்கில் தொங்கிய முன்டயர், பெட்டிக்குத் திரும்பியிருந்த இன்னொன்று, மூன்றையும் ரப்பர் அறுக்கும் கத்தியால் குறுக்கே கிழித்து முடித்திருந்தாள். அந்த ரிம்முக்கு ஏறும் டயர் அந்த நேரத்தில் எங்கும் கிடைக்காது. அவன் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். அவன் முதுகுக்குப் பின்னால், காற்றெல்லாம் போய்த் துவண்டிருந்த முன்சக்கரம் அசைந்தது. வால்வு மேலே போய் நின்றது. அவள் மட்டும் பார்த்தாள்.

பந்தயம் நடந்தது. போனவர்கள் எல்லோரும் பத்திரமாக இறங்கி வந்தார்கள். ஒருவனுக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அந்தச் செய்தியைக் கொண்டுவந்தவர்கள் போன பிறகு, கொழுந்தன் கடை வாசலில் வந்து நின்றான்.

"நான் செத்துப்போயிருப்பேன்னு நெனச்சீங்களா அண்ணி?"

"தெரியல தம்பி."

"தெரியாமலா அறுத்தீங்க?"

அவளிடம் அவன் பேசியது அதுதான் கடைசி. சக்கரத்தை அண்ணன்காரன் அதே வாரம் எடைக்குப் போட்டுவிட்டான். "இனிமே என் கடையில எந்தச் சக்கரத்தையும் முறைச்சுப் பாக்காத" என்று அவளிடம் சொன்னான்.

பந்தயத்துக்கு மறுநாள் மாலை அலுவலகம் விட்டு வந்த கொழுந்தன், கடைக்கு எதிரே வண்டியை நிறுத்தினான். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டினான். இரண்டு கைகளையும் விரித்து, முன்னும் பின்னும் தெரியும்படி நின்ற இடத்திலேயே ஒரு முறை சுற்றினான். பார்த்துக்கோங்க, ஒரு கீறல்கூட இல்லை என்பதுபோல. அப்படியே மாடியேறிவிட்டான். அவளைக் குத்துவதற்காகச் செய்தான் என்பது தெருவுக்கே தெரிந்தது. அடுத்த நாளும் செய்தான். அதற்கடுத்த நாளும்.

ஒருநாள் பெருமழை. நனைந்தபடி நேராக மாடிக்கு ஓடியவன், பாதிப் படியில் நின்று, இறங்கி வந்து, தெருவில் நின்று சுற்றிக் காட்டிவிட்டுப் போனான். அன்று அவன் முகத்தில் கோபம் இருந்ததாக அவளுக்குத் தோன்றவில்லை.

இன்றும் அவன் அவளோடு பேசுவதில்லை. அலுவலகம் போகும் வண்டிக்கு டயர் தேய்ந்தால், வாசலில் சாத்திவிட்டுப் போவான். அவள் மாட்டி வைப்பாள். மாலையில் எதிரே வந்து கைகளை விரித்துச் சுற்றுகிறான். அவள் தலைமுதல் கால்வரை பார்க்கிறாள். பார்த்த பிறகு ஷட்டரை இறக்குகிறாள்.