ஒரு கலசம் தள்ளி

அந்தக் கேமராவை முதல்ல பார்த்தது நான்தான். இதை மட்டும் எவன் வந்து கேட்டாலும் அடிச்சுச் சொல்லுவேன். எழுபதுகளோட கடைசி. சங்கரன்கோவில் ஸ்டேஷன் பக்கத்துல ரிட்டயர்டு ரயில்வேக்காரர் ஒருத்தர் பழைய மடக்குக் கேமராவை விக்கப்போறார்னு கேள்விப்பட்டு, என் போட்டோ ஸ்டுடியோவைப் பூட்டிட்டு ஓடினேன்.

மூடினா ஜெபப்புஸ்தகம் மாதிரி கைக்குள்ள அடங்கும். பொத்தானை அமுக்கினா கறுப்புத் துருத்தி விரிஞ்சு லென்ஸ் முன்னால வந்து நிக்கும். ரோலுக்கு எட்டே படம், ஆனா ஒவ்வொண்ணும் அவ்வளவு பெரிய நெகட்டிவ். பார்க்கிற ஜன்னலுக்கு நடுவுல மஞ்சளா ஒரு பொட்டு. அதுக்குள்ள ஆள் ரெண்டாத் தெரிவார். வளையத்தைத் திருகத் திருக ரெண்டும் நகர்ந்து ஒண்ணாகும். ஒண்ணானா ஃபோகஸ் சரி. முக்காலி மேல பெட்டியை வச்சுக் கறுப்புத் துணிக்குள்ள தலையை விட்டு வேர்த்து வழிஞ்சுக்கிட்டிருந்த எனக்கு, அதைக் கீழ வைக்கவே மனசு வரலை.

ஆனா வாய்க்கொழுப்பு யாரை விட்டுச்சு? துருத்தியில ஓட்டை, லென்ஸ்ல பூஞ்சைன்னு ஆயிரம் நொட்டை சொல்லி விலையைக் குறைக்கச் சொன்னேன். மனுஷன் அசையலை. “நாளைக்கு வாரேன்”னு எந்திரிச்சு வந்துட்டேன். இந்த ஊருல என்னை விட்டா எவன் வாங்குவான்னு ஒரு திமிரு. போதாக்குறைக்கு அன்னைக்கு மத்தியானம் மாமனார் வீட்டு விருந்துல உக்காந்து அந்தக் கேமராவோட அருமை பெருமையை அளந்துவிட்டேன். எதிர் இலையில என் சகலை. என் வீட்டுக்காரியோட தங்கச்சியைக் கட்டினவன், பனவடலிசத்திரத்துல கணக்கு வாத்தியார். வாயே தொறக்காம கறிச்சோறு தின்னுக்கிட்டிருந்தான். மறுநாள் நான் போறதுக்குள்ள கேட்ட விலையைக் குடுத்துத் தூக்கிட்டுப் போயிட்டான்.

அதை நேரா என் ஸ்டுடியோவுக்கே கொண்டு வந்தான் பாருங்க! “அண்ணாச்சி, நீங்க அவ்வளவு சொன்னீங்கள்லா, அந்தத் தைரியத்துலதான் வாங்கிட்டேன்.” சிரிச்சுக்கிட்டே சொல்லுதான்.

அதுக்கப்புறம் ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சா போதும், கேமராவும் கையுமா வந்துருவான். துருத்திக்குள்ள சின்ன பல்பை விட்டு, இருட்டறையில எங்கெங்க வெளிச்சம் கசியுதுன்னு பார்த்து, சைக்கிள் கடைப் பசையில மை கலந்து ஒவ்வொரு ஓட்டையா அடைச்சவன் நான். பூஞ்சையைத் துடைச்சவன் நான். எங்க ஊரு தறிக்காரங்க ஊரு, எது சிக்கினாலும் எண்ணெய் விடுறதுதான் வைத்தியம். அவனும் ஷட்டருக்குள்ள தறி எண்ணெயை விடப் போனான். கையைத் தட்டிவிட்டேன். தகட்டுல எண்ணெய் பட்டா ஒட்டிக்கிடும்லா? அடுத்தவன் பொருளை நான் பெத்த பிள்ளையாப் பார்த்துக்கிட்டேன். படம் எடுக்கிறது மட்டும் அவன்.

எடுக்கவும் செஞ்சான் பாவி. என் வீட்டுக்காரியே ஒருநாள் கேட்டா, “ஏங்க, தங்கச்சி மாப்ளை எடுத்த படத்துல நான் கொஞ்சம் நல்லா இருக்கேன்லா?” அன்னைக்குச் சோறு இறங்கலை எனக்கு.

அப்பதான் கடைசிக் கொழுந்தியாளுக்குக் கல்யாணம் நிச்சயமாச்சு. படம் நான்தான் எடுப்பேன்னு இருந்தேன். ஊருல ஸ்டுடியோ வச்சிருக்கிற மருமகன் வேற யாரு? மாமனார் என் தோள்ல கையைப் போட்டுச் சொன்னார்: “மாப்ளே, நீங்க மூத்தவரு. ஜம்முன்னு முன்வரிசையில உக்காருங்க. படத்தைச் சின்னவரு பார்த்துக்கிடுவாரு.” அவர் மரியாதையாத்தான் சொன்னார். எனக்குச் செருப்பால அடிச்ச மாதிரி இருந்துச்சு.

கல்யாணத்துக்கு நாலு நாள் முந்தி, சகலை பஸ்ல கேமராவைக் கீழ போட்டுட்டு ஓடி வந்தான். மஞ்சள் பொட்டுல ரெண்டு உருவமும் சேரவே மாட்டேங்குது. தூரத்துப் பொருள் ஒண்ணை வச்சு, உள்ள இருக்கிற திருகாணியை முடுக்கித்தான் அதைச் சரி பண்ணணும். நாங்க வேதக்காரங்க, கிறிஸ்தவங்கதான், ஆனா என் மொட்டைமாடியில இருந்து பார்த்தா கோயில் கோபுரத்து உச்சிக் கலசத்தை விட்டா அதுக்குத் தோதா வேற என்ன இருக்கு? கலசமும் அதோட ரெண்டாம் உருவமும் ஒண்ணாகிற வரைக்கும் திருகினேன். பத்து நிமிஷ வேலை. சரியாயிட்டு.

அவன் கீழ காப்பி குடிச்சுக்கிட்டிருந்தான். நான் திருகாணியை இன்னும் கொஞ்சம் திருகினேன். ஆமா, வேணும்னுதான். கோபுரத்து மேல கலசங்கள் ஒரே மாதிரி வரிசையால்லா நிக்குது? ஒரு கலசத்தோட உருவத்தைப் பக்கத்துக் கலசத்து மேல கொண்டுபோய் உக்கார வச்சேன். பார்க்கிறவன் கண்ணுக்கு ஒண்ணாத்தான் தெரியும். ஃபோகஸ் மட்டும் ஆளை விட்டு ரெண்டு மூணு அடி பின்னால போய் விழும். அவனைக் கூப்பிட்டுக் காட்டினேன். “ஆகா, ஒண்ணாச் சேர்ந்துட்டே! நீங்க இல்லைன்னா என்ன செய்வேன் அண்ணாச்சி?”ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டான்.

கோயில்ல, அதாவது எங்க சபைக் கோயில்ல, ஆராதனை நேரத்துல ஃப்ளாஷ் பல்பு வெளிச்சம் போடக்கூடாதுன்னு குருவானவர் கண்டிச்சுச் சொல்லிட்டார். லென்ஸை முழுசாத் தொறந்து வச்சுத்தான் எடுத்தாகணும். தொறந்து வச்சா ஃபோகஸ் தப்பினதை மறைக்க வழியே இல்லை. அவன் பீடத்துப் பக்கம் நின்னு மஞ்சள் பொட்டைப் பார்த்துப் பார்த்துப் பொறுமையா எடுத்தான். பொண்ணு மாப்பிள்ளைக்கு நேர் பின்னால, ரெண்டு மூணு அடி தள்ளி, முன்வரிசையில நான்.

ஃபிலிமைக் கழுவினதும் நான்தான், ஊருல இருட்டறை வேற யாருகிட்ட இருக்கு? மருந்துத் தண்ணியில காகிதத்தைப் போட்டு ஆட்டினேன். பொண்ணும் மாப்பிள்ளையும் புகை மாதிரி கலங்கி வந்தாங்க. அவங்க ரெண்டு பேர் தோளுக்கு நடுவுல என் மூஞ்சி. மீசை முடியை எண்ணலாம், அவ்வளவு தெளிவு. புருவத்தைச் சுருக்கிக்கிட்டு, பல்லைக் கடிச்சுக்கிட்டு, கேமராவையே முறைச்சுக்கிட்டு நிக்கேன். அடுத்த படத்தைப் போட்டேன். அதுலயும் அதே மூஞ்சி. தாலி கட்டுற படத்துலயும் அதே மூஞ்சி. சீ, இப்படியாடா இருக்கேன்னு உடம்பு கூசிப்போச்சு. எரிச்சுரலாமான்னு பார்த்தேன். கல்யாணத்துக்குன்னு இருந்தது அந்தப் படங்கதான்.

மாமனார் வீட்டுல எல்லாரும் சுத்தி உக்காந்து பார்த்தாங்க. “என் கண்ணுதான் அண்ணாச்சி பழுதாயிட்டு, கண்ணாடி போடணும்”னு சகலை தலையைக் குனிஞ்சுக்கிட்டான். கல்யாணப் பொண்ணு தாலி கட்டுற படத்தைக் கையில எடுத்தா. தன் மூஞ்சியே தெளிவாத் தெரியாத படம். ரொம்ப நேரம் பார்த்துட்டு என்கிட்ட கேட்டா: “அத்தான், நீங்க ஏன் அன்னைக்கு இப்படிப் பார்த்துக்கிட்டு நின்னீங்க?”

நான் வாயைத் தொறக்கிறதுக்குள்ள சகலை முந்திக்கிட்டான். “அவர் உன்னைப் பார்க்கலைம்மா, கேமராவைப் பார்த்திருக்காரு. ராப்பகலா பார்த்துச் சரி பண்ணவருல்லா? நம்ம பிள்ளை கல்யாணத்துல ஒழுங்கா ஓடணுமேன்னு அவருக்குக் கவலை.”

ஆமான்னு தலையை ஆட்டினேன்.