மிதிக்க வேண்டிய பெட்டி

நல்லவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். இப்போது கொஞ்சம் குறைந்திருக்கிறது. எண்பதுகளில் அது உச்சத்தில் இருந்தது. பகலில் மேலப்புதூர்ப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் பாட்டு டீச்சர், சாயங்காலங்களில் ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு. திருச்சி மேடைகளில் அந்த நாற்காலியில் அப்போது பெண்கள் யாரும் உட்காரவில்லை. அதில் உட்கார நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

குழுவிடம் சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு சின்தசைசர் கீபோர்டு இருந்தது. வயலின் என்று போட்டிருந்த பொத்தானை அழுத்தினால் கொசு ரீங்காரம் போடும். துபாயிலிருந்து லீவில் வந்த என் சித்தப்பா மகன், கிடார் வாசிப்பவர்கள் காலால் மிதிக்கிற ஓர் எஃபெக்ட் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தான். ஃபேசர் என்றான். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது, ஒரே ஒரு திருகு. அதைச் சின்தசைசருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவில் கோத்துப் பார்த்தேன். கொசு போய் இருபது வயலின் வந்து உட்கார்ந்தது. ஒரே ஒரு சிக்கல். பெட்டி கிடாருக்காகச் செய்தது, கிடாரின் சிக்னல் சின்னது. சின்தசைசரில் வால்யூமைக் கால்வாசிக்கு மேல் வைத்தால் பெட்டி தாங்காது, தகரத்தைக் கிழிப்பதுபோல் கத்தும். மாஸ்டர் வீட்டு மாடியில் லீவு நாட்களில் தனியாக உட்கார்ந்து முட்டி மோதி இதைக் கண்டுபிடித்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

மாஸ்டர் என்றால் குழுவை நடத்தியவர். ஒருநாள் அவர் ஸ்ரீரங்கத்திலிருந்து ஓர் இளைஞரைக் கூட்டிவந்தார். வடக்குச் சித்திரை வீதிக்காரர், என் வயதுதான் இருக்கும். சின்தசைசரின் இடது ஓரத்தில் சுருதியை வளைக்க ஒரு சக்கரம் உண்டு. நான் அதைத் தொட்டதே இல்லை. அவர் அதை ஒரு விரலால் அசைத்துக் கமகம் கொண்டுவந்தார். தபலாக்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார். எனக்கு வயிறு எரிந்தது.

மாஸ்டர் எல்லார் முன்னாலும் சொன்னார்: “இந்தத் தம்பி வந்தா ஒரு ஆளு. நீ வந்தா தொணைக்கு உங்க அப்பாவும் வரணும், அவருக்கும் பஸ்ஸுல ஒரு சீட்டு பிடிக்கணும். யோசிச்சுப் பாரும்மா.” எல்லாரும் சிரித்தார்கள். அந்த இளைஞர் மட்டும் சிரிக்கவில்லை. அதற்காகவும் அவர்மேல்தான் கோபம் வந்தது.

ஒத்திகையில் நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் பெருவிரலால் பெட்டியை அழுத்துவதை அவர் பார்த்தபடியே இருந்தார்.

“டீச்சர், அதைக் கால் வெச்சு மிதிக்கறேளே?”

“அது வாத்தியம் இல்லைங்க, ஸ்விட்ச்.”

“சத்தம் அதுக்குள்ள பூந்துதானே வரது? அப்போ அதுவும் வாத்தியம்தானே. என்னால முடியாது, நான் கையாலதான் அழுத்துவேன்.”

கிண்டல் செய்யவில்லை, மனதில் பட்டதைச் சொன்னார். அவருடைய முறை வந்தபோது பெட்டியைக் கழற்றி என் பையில் போட்டுக்கொண்டேன். என் பொருள், யார் கேட்பது?

எங்கள் பக்கத்து மாதா கோயில் திருவிழாவில் கச்சேரி வந்தது. முதல் பாதி நீ, இரண்டாம் பாதி அவன், நன்றாக வாசிப்பவருக்கு நாற்காலி என்று மாஸ்டர் தீர்த்துவிட்டார். பெட்டியை அவருக்கும் கொடுத்தாக வேண்டும் என்றார். இரண்டாம் பாதியில் வயலின் நிறைந்த பாட்டுகள்தான் அதிகம். சரி என்றேன்.

என் பாதியை ஒழுங்காக வாசித்து முடித்தேன். எழுந்திருக்கும்போது வால்யூமை அடியோடு குறைத்துவிட்டு நகர்ந்தேன். அவர் உட்கார்ந்து, மரியாதையாகக் கேட்டார்: “டீச்சர், வால்யூம் எவ்ளோ வெக்கணும்?”

“நீங்க எப்பவும் எவ்வளவு வைப்பீங்களோ அவ்வளவு வைங்க.”

எப்பவும் அவர் முழுசாக வைப்பார். அது எனக்குத் தெரியும். மேடையிலிருந்து இறங்கி அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

அவர் குனிந்து, பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கையால் அழுத்தினார். பாட்டு தொடங்கியது. முதல் சுரத்திலேயே ஸ்பீக்கர் அலறியது. மடியில் இருந்த குழந்தைகள் அழுதன. மறுபடி ஒரே ஒரு மிதி மிதித்திருந்தால் பெட்டி அணைந்து, வெறும் கொசுச் சத்தத்திலாவது பாட்டு ஓடியிருக்கும். பாடுகிறவர் திரும்பி முறைக்கிறார், மாஸ்டர் “மிதிடா, மிதி!” என்று மைக்குக்கே கேட்கும்படி கத்துகிறார். அவர் மிதிக்கவில்லை. இரண்டு கையையும் கட்டைகளிலிருந்து எடுத்துவிட்டுக் கீழே குனிந்து பெட்டியைத் தேடினார். தேடியபோது ஒயர் பிடுங்கிக்கொண்டு, எல்லாமே நின்றுபோனது. கூட்டம் விசிலடித்தது. எங்கள் தெருப் பையன்கள் “ஐயரே, எங்க போனீரு?” என்று கூவினார்கள். நானும் சிரித்தேன். மனமாரச் சிரித்தேன் என்பதை இங்கே மறைக்கப் போவதில்லை.

மிச்சப் பாட்டுகளைப் பெட்டி இல்லாமல் நானே ஏறி வாசித்தேன். அவர் மேடைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். “உங்க பெட்டியைக் கெடுத்துட்டேன், டீச்சர். நான் சரி பண்ணிக் கொண்டு வரேன்” என்றார். முகம் வெளுத்திருந்தது. “பண்ணிக் கொடுங்க” என்று பெட்டியை நீட்டினேன். அதற்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்துதான் நீட்டினேன்.

நாலாம் நாள் பெட்டியோடு பள்ளிக்கூட வாசலுக்கு வந்துவிட்டார். காந்தி மார்க்கெட் பக்கத்தில் ஒரு ரேடியோ மெக்கானிக்கிடம் காட்டினாராம்.

“பெட்டி நன்னாத்தான் இருக்காம், டீச்சர். உள்ளே போற சத்தம் ஜாஸ்தியாப் போயிடுத்தாம். வால்யூமைக் குறைச்சு வெச்சாப் போதுமாம். நீங்களும் தெரிஞ்சு வெச்சுக்கோங்கோ, நாளைக்கு உங்களுக்கு மேடையில இப்படி ஆயிடப்படாது.”

“அப்படிங்களா” என்றேன்.

“மாஸ்டர்கிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்றேளா? நான் போனா உள்ளேயே விட மாட்டேங்கறார். பெட்டிக்குச் சொந்தக்காராளே சொன்னா நம்புவார். இன்னொரு தடவை வாசிக்க விட்டாப் போதும்.”

“சொல்றேங்க” என்றேன்.

அடுத்த ஒத்திகையில் மாஸ்டர் தானாகவே அவர் பேச்சை எடுத்தார். “அந்தப் பையனை இன்னொரு வாட்டி பாக்கலாமாம்மா? கை நல்ல கைதான்.” நான் பெட்டியைப் பையிலிருந்து எடுக்காமலே சொன்னேன்: “எம் பெட்டிய ஒடச்சு வெச்சுட்டாருங்க. ரிப்பேருக்கு விட்டிருக்கேன்.” மாஸ்டர் உச்சுக்கொட்டினார். அன்றோடு அந்தப் பேச்சு முடிந்தது. நாற்காலி எனக்கு.

மறு வாரம் சாயங்காலம் அவர் மறுபடியும் பள்ளி வாசலில் நின்றார். பிள்ளைகள் எல்லாரும் வெளியேறும்வரை காத்திருந்துவிட்டுப் பக்கத்தில் வந்தார்.

“சொன்னேளா, டீச்சர்?”

“சொன்னேங்க. எவ்வளவோ சொன்னேன். அவர்தான் ஒத்துக்கல.”

தலையாட்டினார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: “போறது, விடுங்கோ. நேக்காக ஒருத்தராவது பேசினேளே. அதுவே போறும்.”

கை கூப்பினார். நானும் கூப்பினேன்.